வாபஸ் படிவத்தில் அக்காவின் கையெழுத்து

படிவம் என்று ஒன்று கண்ணில் பட்டால் என் அக்காவுக்குக் கை சும்மா இருக்காது. ஆஸ்பத்திரி ரெக்கார்டு அறையில் இருபத்தாறு வருடம் தலைமை எழுத்தராக இருந்தவள். வெற்றுப் படிவங்களிலெல்லாம் தேதிக்கு மட்டும் இடம் விட்டு, முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு அடுக்கி வைத்திருப்பாள். "நான் சீட்ல இல்லைன்னு யாரோட வேலையும் நிக்கக் கூடாதுடா" என்பாள். அந்த ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டை ஒருநாள் இழுத்து மூடினார்கள். திறக்கச் சொல்லிக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், அக்கா வேலையை உதறிவிட்டுச் சட்டமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நின்றுவிட்டாள்.

நான் அவளுடைய தேர்தல் முகவர். ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவன் தம்பியாக வாய்த்திருக்கும்போது வேறு யாரைத் தேடுவாள்? வேட்புமனுவோடு வாங்கி வந்த படிவங்களை ஒரே மூச்சில் நிரப்பி, ஃபைலில் கோத்து என்னிடம் நீட்டினாள். மனு ஏற்கப்பட்ட பிறகு நிதானமாகப் புரட்டியபோதுதான் பார்த்தேன். கடைசித் தாள், மனுவை வாபஸ் வாங்கும் படிவம். அதிலும் அக்காவின் கையெழுத்து. முகவர் கொண்டுவந்து கொடுக்கலாம் என்ற வரிக்குக் கீழேயும் இன்னொன்று. தேதி மட்டும் காலி. விழுந்து விழுந்து சிரித்தேன். சாயங்காலம் இதை வைத்து அவளை ஒரு வழி பண்ணிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் கடைக்கு வந்தது கட்டிடத்தின் சொந்தக்காரர். ஆளுங்கட்சி வேட்பாளருக்குச் சகலை. மனுஷர் குரலை உயர்த்தவே இல்லை.

"தம்பி, உங்கக்கா நல்லவங்க. அதான் பிரச்சனையே. அவங்க பிரிக்கிற ஓட்டு எங்களுக்கு விழற அடி. நாளைக்கு மூணு மணி வரைக்கும் வாபஸ் வாங்கலாமாம். வாங்கலைன்னா மாசக் கடைசியில கடையைக் காலி பண்ணிடுங்க."

பதினோரு வருடக் கடை. அதை விட்டால் எனக்கு வேறு பிழைப்பு தெரியாது. மனைவியிடம் சொன்னேன், அக்காவிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் எனக்காக விலகிவிடுவாளோ என்று பயம். விலக மாட்டேன் என்று சொல்லிவிடுவாளோ என்று அதைவிடப் பெரிய பயம்.

மறுநாள் காலையில் ஃபைலிலிருந்து அந்தத் தாளை உருவித் தேதியை எழுதினேன். அக்காவின் எழுத்து மாதிரியே எழுதினேன் என்பதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. ஒரு மணிக்குத் தேர்தல் அதிகாரியின் அலுவலகத்துக்குப் போனேன். முதல் தடவை வாசல்படியைத் தாண்டியதுமே திரும்பிவிட்டேன். இரண்டாவது தடவை மேஜை வரைக்கும் போய்விட்டேன்.

"என்ன விஷயம்?" என்றார் அதிகாரி.

"சின்னம் எப்ப சார் குடுப்பீங்க?" என்று கேட்டது என் வாய்.

"மூணு மணிக்கு மேல."

என்னை நானே திட்டிக்கொண்டு வெளியே வந்து, வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். மூன்றடித்தது. உள்ளே யாரோ வாபஸ் பதிவேட்டை மூடிக் கட்டினார்கள். வீரமெல்லாம் ஒன்றுமில்லை, எனக்குக் கால் எழவில்லை, அவ்வளவுதான்.

தலையை நிமிர்த்தினால் எதிரே அக்கா.

"குடுக்கலையா?" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்கெப்படித் தெரியும்?"

"ஃபைலை எடுக்க உன் வீட்டுக்குப் போனேன், அதுல ஒரு தாள் குறையுது. இத்தனை வருஷம் தாளோட குப்பை கொட்டினவகிட்டயா மறைக்கப் பார்க்கறே? எந்தத் தாள்னு புரிஞ்சதும் உன் பொண்டாட்டியைப் பிடிச்சுக் கேட்டேன். எல்லாத்தையும் சொல்லிட்டா."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தே? என்னைச் சோதிச்சுப் பார்த்தியா?" கோபத்தில் கத்திவிட்டேன்.

"சோதனையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல." பக்கத்தில் உட்கார்ந்தாள். "நீ வந்ததுலேர்ந்து எதிர்த்த டீக்கடையிலதான் இருக்கேன். முதல் தடவை நீ உள்ள போனப்ப, ஓடி வந்து பிடுங்கிடலாம்னு எழுந்துட்டேன். ரெண்டாவது தடவை எழுந்திருக்கல."

"ஏன்?"

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"குடுத்துட்டு வந்துடட்டும்னு இருந்துச்சுடா. தெருத் தெருவாப் போய்ப் பயப்படாதீங்கன்னு பேசினவ, நானா எப்படி வாபஸ் வாங்கறது? நீ குடுத்திருந்தா, பழியை உன் தலையில போட்டுட்டு நிம்மதியா வீட்டுக்குப் போயிருப்பேன்."

கோபம் போன இடம் தெரியவில்லை. அழுகை வந்தது. ஐம்பத்திரண்டு வயது அக்காவை அப்படி ஒரு முகத்தோடு நான் பார்த்ததே இல்லை.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "சுயேச்சை வேட்பாளருங்க எல்லாம் சின்னத்துக்கு வாங்க!"

"கடைக்கு வேற இடம் பார்க்கணும்" என்றேன்.

"ரெண்டு பேருமாப் பார்ப்போம்." எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இப்ப நீயும் கூட வா. எனக்குத் தனியா உள்ள போகப் பயமா இருக்கு."