நிர்வாகக் காரணம்

"சார், இது மட்டும் ஏன் நாலு முப்பத்தஞ்சு?"

கேட்டவள் விமானத் தடத் திட்டப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண். அவள் விரல் கணினித் திரையில் ஒரு வரியின் மேல் நின்றிருந்தது. அந்த விமான நிறுவனத்தின் மற்ற புறப்பாடுகள் எல்லாம் முழு மணி, கால் மணி, அரை மணி என்று ஒழுங்காக இருந்தன. கடல் தாண்டி ஊர் ஊராக இறங்கிப் போகும் பெரிய விமானம் மட்டும் இருபத்தாறு வருடங்களாக மாலை நான்கு முப்பத்தைந்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது.

"நிர்வாகக் காரணம்," என்றார் மேலாளர். சொன்னதும் அவருக்குக் காது சூடானது.

"எப்படியும் நிறுத்தப்போற தடம்தானே, விடுங்க சார்," என்று அவள் அடுத்த வரிக்குப் போய்விட்டாள்.

நிறுத்தப்போகிற தடம். வெளிநாட்டு வருமானம் மூன்று வருடமாக இறங்குமுகம். கடலுக்கு அந்தப் பக்கத்துக் கம்பெனிகள் தினமும் இரண்டு விமானம் விட ஆரம்பித்த பிறகு, இவர்களுடையதில் பாதி இருக்கைகள் காலியாகவே பறந்தன. பெரிய விமானத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சின்ன விமானங்களை உள்நாட்டு ஊர்களுக்குக் காலை மாலை ஓட்டலாம் என்பது புதிய திட்டம். யார் பார்த்தாலும் சரி என்றுதான் சொல்வார்கள். பதினோரு பக்கம் எழுதிக் கடைசியில் கையெழுத்துப் போட்டவர் அவரே. அதை வீட்டில் மட்டும் சொல்லவில்லை.

வீட்டில் இருக்கும் மனைவிதான் நிலையத்தில் அந்த விமானத்துக்கு அறிவிப்புக் குரல் கொடுப்பவள்.

இருபத்தாறு வருடங்களுக்கு முன் அவர் அதே பிரிவில் கடைநிலை எழுத்தர். நேரம் மாறினால் இளஞ்சிவப்புச் சீட்டில் எழுதி, மாடியில் இருக்கும் அறிவிப்பு அறைக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். விமானம், பழைய நேரம், புதிய நேரம், காரணம் என்று நான்கு கட்டங்கள். அறையில் ஒலிவாங்கி முன்னால் ஒல்லியாக ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். சிவப்பு விளக்கு எரிந்தால் அங்கே யாரும் இருமக்கூடக் கூடாது. இன்னொரு சக்கர நாற்காலி இருந்தது. அதில் அவள் கைப்பை உட்கார்ந்திருக்கும். வருகிறவர்கள் உட்கார்ந்து கதையளக்கக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. அவர் சுவரோரம் மூச்சை அடக்கிக்கொண்டு நின்று, அவள் ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாக அவசரமில்லாமல் சொல்வதைக் கேட்பார். அந்த ஊர்களில் எதையும் அவர் பார்த்ததில்லை. அவள் சொன்னால் எல்லாமே மழை பெய்து ஓய்ந்த ஊர்கள் மாதிரி இருந்தன.

பிறகு ஒரு வாரம் எந்த விமானமும் நேரம் மாறவில்லை. திங்கள், செவ்வாய், புதன். வியாழக்கிழமை அவருக்குப் பொறுக்கவில்லை. அடுத்த பருவத்துக்கான அட்டவணையில் பெரிய விமானத்தை நாலரையிலிருந்து ஐந்து நிமிடம் தள்ளித் தட்டச்சு செய்தார். பெரிய அதிகாரி கண்ணாடியைக்கூடப் போடாமல் கையெழுத்திட்டார். அன்றே இவர் சீட்டோடு மாடியேறினார்.

"அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு சீட்டா?" என்று அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "காரணம்னு போட்ட இடத்துல ஒண்ணும் எழுதலையே?"

அவர் பேனாவை வாங்கி 'நிர்வாகக் காரணம்' என்று எழுதினார். அவசரத்தில் 'நி' கோணிக்கொண்டது. அவள் சிரிப்பை அடக்கியது தெரிந்தது.

கல்யாணத்துக்குப் பிறகு அதுவே அவர் பெயராகிவிட்டது. குடையைத் தொலைத்துவிட்டு வந்தாலும், காரணமில்லாமல் பூ வாங்கி வந்தாலும், "நிர்வாகக் காரணமா?" என்பாள். ஆனால் அந்த ஐந்து நிமிடம் எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்டதே இல்லை. அவரும் சொன்னதில்லை.

தடம் நிற்கிறது என்ற சுற்றறிக்கை வந்த மறுநாள் காலை, அவள் காபியை மேசையில் கொஞ்சம் பலமாகவே வைத்தாள்.

"எந்தப் புண்ணியவான் எழுதினானோ. அந்த மூஞ்சிய ஒரு தடவை பாக்கணும்."

"கணக்குப் பாத்துதான் எழுதியிருப்பாங்கம்மா. ஆளே இல்லாம எத்தனை நாள் பறக்கிறது?"

"நான் என்ன தப்புன்னா சொன்னேன்? இருபத்திரண்டு வயசுலேர்ந்து சொல்றேங்க அந்த ஊர்ப் பேரையெல்லாம். இனிமே வாய்ல வராது இல்ல?" என்றாள். பிறகு அவரை ஏறிட்டுப் பார்த்து, "நீங்க ஏன் காபிய ஊதிக்கிட்டே இருக்கீங்க? அது ஆறி அஞ்சு நிமிஷம் ஆச்சு," என்றாள்.

கடைசி நாள் மாலை அவர் மேசையின் அடி இழுப்பறையைக் குடைந்தார். பழைய சீட்டுக் கட்டு ஒன்று ஓரம் வெளுத்துப்போய்க் கிடந்தது. நேர மாற்றமெல்லாம் கணினியிலேயே போய்விடுவதால் யாரும் அதைத் தொட்டுப் பல வருடம். ஒன்றைக் கிழித்து எழுதினார். பழைய நேரம்: 4.35. புதிய நேரம்: இல்லை. காரணம் என்ற கட்டத்தில் பேனா வெகுநேரம் நின்றது. பிறகு 'நான்தான்' என்று எழுதினார்.

மாடிப்படி முன்பைவிடச் செங்குத்தாகிவிட்டது போலிருந்தது. கதவைத் திறந்ததும் அவள் திரும்பினாள்.

"என்னங்க, வழி தவறிட்டீங்களா?"

"ஒரு மாத்தம் இருக்கு," என்று சீட்டை நீட்டினார்.

வாங்கிப் படித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கடிகாரம் நான்கு பதினைந்தைத் தொட்டது. அவள் பொத்தானை அழுத்தினாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு..."

கடைசி அழைப்பு. ஊர்ப் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன, அன்று போலவே அவசரமில்லாமல். முதல் மொழியில் அறிவிப்பு முடிந்தது. அடுத்த மொழிக்கு மூச்செடுக்கும் இடைவெளியில் அவள் பென்சிலை எடுத்து 'நான்தான்' என்பதற்குக் கீழே ஒரு சொல் எழுதி, சீட்டை அவர் பக்கம் தள்ளினாள்.

'தெரியும்.'

எது? அந்த ஐந்து நிமிடமா, பதினோரு பக்கமா? அவர் உதடு பிரிந்தது. அவள் படித்துக்கொண்டே பென்சில் முனையால் சிவப்பு விளக்கைக் காட்டினாள். பிறகு, திரும்பிப் பார்க்காமல், பக்கத்து நாற்காலியைக் காலால் தள்ளினாள். அது சத்தமில்லாமல் உருண்டு வந்து அவர் முழங்காலில் இடித்தது. அதன் மேல் கைப்பை இருந்தது.

அவர் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கண்ணாடிக்கு வெளியே பெரிய விமானத்தின் கதவு இன்னும் மூடவில்லை. அவள் ஊர்ப் பெயர்களை மறுபடி முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்திருந்தாள்.