மஞ்சள் கோட்டும் மாற்று ஸ்டிக்கரும்

"கேட்டது நீதானே? பொட்டலத்தப் பிரிச்சதும் உன் வாயிலேருந்து வந்த முதல் வார்த்தை என்ன?"

"ஃபிளெமிங், சைக்கிளப் பாத்துப் பிடி. அந்தம்மா கால்ல பெடல் இடிக்குது."

"பேச்ச மாத்தாத டோர்ட்டெ. 'ஸ்டிக்கர் இருக்கா'ன்னு கேட்டியா இல்லையா?"

"எல்லாரும்தான் கேக்கறாங்க! உன் தங்கச்சி போடில் வருஷா வருஷம் கேக்கல? அவ கேட்டா சிரிக்கிற. நான் கேட்டா கொலைக்குத்தமா?"

பெடலில் இடிபட்ட அம்மாள் திரும்பிப் புருஷன் பெண்டாட்டி இருவரையும் மேலும் கீழும் பார்த்தாள். ஸ்ட்ரோயெட் கடைவீதியில் சைக்கிளை ஓட்டத்தான் கூடாது, தள்ளிக்கொண்டு வரலாம். ஆனால் கிறிஸ்துமஸ் முடிந்த வாரத்தில், கோபன்ஹேகன் முழுக்க அந்த ஒரே தெருவில் திரளும் நாளில், மூளை உள்ளவன் எவனும் தள்ளிக்கொண்டும் வரமாட்டான். டோர்ட்டெ இதை வீட்டிலேயே சொன்னாள். ரயிலில் சொன்னாள். நகரமன்றச் சதுக்கத்தில் இறங்கியதும் மறுபடி சொன்னாள். "பூட்டு ரிப்பேரு, வெளிய விட்டா திருடிடுவான்" என்று அவன் தள்ளிக்கொண்டே வந்தான்.

தெரு நெடுக இதய வடிவ விளக்குகள் இன்னும் தொங்கின. அவற்றின் கீழே, போன வாரம் பை பையாக வாங்கிப் போன சனமெல்லாம் அதே பைகளைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தது. குழந்தை வண்டிகள் ஒன்றோடொன்று சக்கரம் சிக்கி நின்றன. சோப்புக் குமிழி விடுகிறவன் ஒருவன் நட்டநடுத் தெருவில் வாளியை வைத்திருந்தான். ஒரு குமிழி டோர்ட்டெயின் மூக்குக் கண்ணாடியில் பட்டு உடைந்தது. துடைக்கக் கை இல்லை. ஒரு கையில் கைப்பை, மறு கையில் அந்தக் கோட்டு.

கோட்டுதான் பிரச்சினை. கடுகு மஞ்சள். தோள்பட்டையில் அப்படி ஒரு பிடி. போட்டுக்கொண்டால் கையை மேலே தூக்க முடியாது. ஐம்பத்திரண்டு வயதில், பல் ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில் உட்காருகிற பெண், தூக்க முடியாத கையோடு கடுகு மஞ்சளில் போய் நிற்க முடியுமா? சாம்பல் நிறத்தில், உடம்புக்குச் சரியாக ஒன்று வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

பரிசு என்றால் இந்த ஊரில் கடையிலேயே மாற்று ஸ்டிக்கர் ஒட்டி வாங்குவதுதான் வழக்கம். பிடிக்கவில்லையா, வேறு யாரோ அதையே கொடுத்துவிட்டார்களா, கொண்டுபோய் நீட்டினால் மாற்றித் தருவார்கள். யாருக்கும் மனஸ்தாபம் கிடையாது. ஸ்டிக்கர் ஒட்டாமல் கொடுத்தால்தான், இதை வைத்துக்கொண்டு அழு என்று சொன்ன மாதிரி. அப்படியிருக்க, கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை மரத்தைச் சுற்றிக் கைகோத்து ஆடி முடித்துப் பொட்டலத்தைப் பிரித்ததும், பழக்க தோஷத்தில் டோர்ட்டெ கேட்டுவிட்டாள். ஃபிளெமிங்கின் முகம் தொங்கிப்போனது. "இருக்கு, இருக்கும்" என்று கோட்டை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனான். காப்பி எடுத்து வருவதாகச் சொன்னான். வந்தபோது காப்பி இல்லை. "இதோ பார், பாக்கெட்டுக்குள்ள இருக்கு" என்று ஸ்டிக்கரைக் காட்டினான். அதற்குப் பிறகு அவன் சரியாகப் பேசவில்லை.

"பசிக்குது. ஒரு சாசேஜ் சாப்பிட்டுப் போலாமா?"

"முதல்ல கடை."

"கூட்டத்தப் பாரு. நாளைக்கு வரலாம் டோர்ட்டெ. நாளைக்கு யாரும் இருக்கமாட்டாங்க."

"நேத்தும் இதையேதான் சொன்ன."

"காப்பியாவது?"

"ஃபிளெமிங்! நீ வீட்டுலயே இருந்திருக்கலாமே. வரேன்னு ஒத்தக் கால்ல நின்னது யாரு?"

அவன் சைக்கிள் மணியைத் துடைத்தான்.

பெரிய கடையின் வாசலில், உடைந்த பூட்டோடேயே சைக்கிளைக் கம்பத்தில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார்கள். இப்போது மட்டும் திருடன் பயம் எங்கே போனது என்று டோர்ட்டெ நினைத்துக்கொண்டாள். வாசலில் இயந்திரம் ஒரு வரிசை எண்ணைத் துப்பியது. சுவரில் ஓடிய எண்ணுக்கும் அதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. உள்ளே அடுப்புக்குள் இருப்பது போலச் சூடு. குளிர்கால உடுப்போடு எல்லோரும் வெந்துகொண்டு நின்றார்கள். பின்னால் ஒரு கிழவர் கையில் ஒரே மாதிரி மூன்று ஸ்வெட்டர்.

"மூணு பொண்ணுங்க குடுத்தது," என்றார், கேட்காமலே. "மூணும் ஒண்ணுக்கொண்ணு பேசிக்கறதில்ல."

அவர்கள் முறை வந்தபோது டோர்ட்டெயின் பொறுமை நூலாகத் தேய்ந்திருந்தது. கவுண்டரில் சிக்னெ என்று பெயர் குத்திய பெண். ஸ்டிக்கர் மேல் சிவப்பு வெளிச்சத்தைக் காட்டினாள். திரையைப் பார்த்தாள். மறுபடி காட்டினாள்.

"இது கோட்டோட ஸ்டிக்கர் இல்லீங்களே."

"பின்ன?"

"மூணாவது மாடி. இரும்பு வாணலி. பெரிய சைஸ்."

டோர்ட்டெ மெதுவாகத் திரும்பினாள். ஃபிளெமிங் கூரையில் தொங்கிய நட்சத்திரத்தை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வாணலி! அன்று மாலை சமையலறையில் இருந்தது, முந்தாநாள் விருந்தில் போடிலுக்கு இவர்கள் கொடுத்தது. அதை அவள் புரட்டிப் புரட்டிப் பார்த்ததும், அடியைத் தடவிப் பார்த்ததும், பிறகு சாப்பாடு முடியும்வரை வாயைத் திறக்காததும் இப்போது டோர்ட்டெக்குப் புரிந்தது.

"உன் தங்கச்சி வாணலிலேருந்து பிச்சியா?"

"நீ கேட்டியே! திடீர்னு கேட்டா நான் எங்க போவேன்?"

"கடைல ஒட்டித் தரலியா?"

"ஒட்ட வந்தாங்க. வேணாம்னுட்டேன்."

"வேணாம்னு சொன்னியா? ஏன்?"

பின்னால் கிழவர் ஸ்வெட்டரோடு ஓரடி முன்னால் வந்தார், நன்றாகக் கேட்கும்படி.

ஃபிளெமிங் குரலைத் தாழ்த்தினான். "அக்டோபர்ல இந்தப் பக்கம் வந்தோமே. இந்தக் கடை வாசல் கண்ணாடி முன்னாடி நீ நின்னுட்ட. அசையவே இல்ல. உள்ள இந்த மஞ்சக் கோட்டு. கிட்டப் போயிக் கண்ணாடியில கை வச்சுப் பாத்த. கல்யாணமான நாள்லேருந்து ஒரு துணியையும் நீ அப்படிப் பாத்ததில்ல. சரி, இது அவளுக்குத்தான்னு முடிவு பண்ணிட்டேன். இதப் போயி மாத்துவாங்களா, ஸ்டிக்கர் எதுக்குன்னு..."

டோர்ட்டெக்கு அந்த நாள் நன்றாக நினைவிருந்தது. அன்று மதியம் மீன் வைத்த ரொட்டி சாப்பிட்டிருந்தாள். அதில் தூவிய பச்சை இலை முன்பல்லில் ஒட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் அதைத்தான் பார்த்தாள். வெளிச்சம் அடித்ததால் கையை வைத்து மறைத்துப் பார்த்தாள். உள்ளே கோட்டு இருந்ததா, யானை இருந்ததா, அவளுக்குத் தெரியவே தெரியாது.

"பரவால்லீங்க," என்றாள் சிக்னெ. "கோட்டு எங்களோடதுதான். ஸ்டிக்கர் இல்லாட்டியும் மாத்தித் தரேன்."

"இதே மஞ்சள்ல ஒரு சைஸ் பெருசு இருக்கா?" என்று கேட்டாள் டோர்ட்டெ.

சிக்னெ கணினியில் தட்டிப் பார்த்தாள். "மஞ்சள் தீந்துடுச்சு. உங்க சைஸ்ல சாம்பல் மட்டும் ஒண்ணு இருக்கு. எடுத்துட்டு வரட்டுமா?"

சாம்பல். உடம்புக்குச் சரியாக. காலையிலிருந்து அவள் கேட்டது அதைத்தான். ஃபிளெமிங் குல்லாயைக் கழற்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். பள்ளிக்கூடத்தில் பைப்பு, பல்பு எல்லாம் பார்த்துக்கொள்கிற ஆள். அங்கே எது உடைந்தாலும் அசராதவன். அவன் விரல்கள் குல்லாயைப் பிசைந்தன.

"வாங்கிக்கம்மா," என்றார் கிழவர். "சாம்பல்னா அழுக்கு தெரியாது."

"உங்கள யாராவது கேட்டாங்களா?" என்றாள் டோர்ட்டெ. பிறகு கவுண்டர் பக்கம் திரும்பி, "வேணாம். இதையே வச்சுக்கறேன். அந்த வாணலி ஸ்டிக்கரை மட்டும் குடுங்க" என்றாள்.

வெளியே வந்ததும் போடிலின் போன்.

"டோர்ட்டெ, மறைக்காம சொல்லு. அண்ணனுக்கு என் மேல என்ன கோவம்? வாணலில ஸ்டிக்கரே இல்ல. எங்கிட்ட ஏற்கனவே ரெண்டு வாணலி கெடக்கு!"

"ஸ்டிக்கர் எங்கிட்ட இருக்கு. கொண்டாந்து தரேன்."

"உங்கிட்ட எப்படி..."

"உங்கண்ணனக் கேளு," என்று வைத்துவிட்டாள்.

சைக்கிள் சாய்த்த இடத்திலேயே இருந்தது. ஃபிளெமிங்குக்குத் திடீரென்று உயிர் வந்துவிட்டது. கோட்டை இப்போதே போட்டுக்கொள்ளச் சொன்னான். போட்டாள். இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தான், குழந்தை வண்டிக்காரி ஒருத்தி அவன் மேல் இடித்துத் திட்டியதைக்கூடக் கவனிக்கவில்லை. சாசேஜ் வண்டியில் இரண்டு வாங்கி வந்தான், வறுத்த வெங்காயம் நிறையப் போட்டு. டோர்ட்டெ வாயருகே கொண்டுபோகப் பார்த்தாள். தோள்பட்டை பிடித்தது. கை பாதியில் நின்றது. கடைசியில் கோழி மாதிரித் தலையைக் குனிந்து கடித்தாள். கடுகுச் சாந்து கோட்டில் சொட்டியது. தெரியவில்லை, அதே நிறம்.

"பாத்தியா, நல்ல வேளை மஞ்சள்!" என்றான் அவன். சந்தோஷத்தில் சைக்கிள் மணியை வேறு அடித்தான். "இனிமே ஸ்டிக்கரே வேணாம் டோர்ட்டெ. உனக்கு என்ன பிடிக்கும்னு எனக்குத் தெரியும். அடுத்த வருஷம் இதுக்குப் பொருத்தமா ஒரு தொப்பி பாத்து வச்சிருக்கேன்."

டோர்ட்டெ வாயைத் திறந்தாள். பல்லில் ஒட்டிய இலையைப் பற்றி இப்போதே சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். சாசேஜை மென்று விழுங்கினாள்.

இன்னும் சொல்லவில்லை. கோட்டைத் தினமும் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறாள். பேருந்துக் கம்பியைப் பிடிக்க முடியாமல் பக்கத்தில் நிற்பவர்கள் மேல் சாய்கிறாள். அவன் எந்தக் கடை ஜன்னலைத் தாண்டினாலும் தொப்பியைத்தான் பார்க்கிறான்.

படித்த நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அடுத்த கிறிஸ்துமஸுக்குள் டோர்ட்டெ அவனிடம் உண்மையைச் சொல்லிவிடலாமா, வேண்டாமா? உங்கள் வீட்டில் இப்படி நடந்திருந்தால் என்ன செய்தீர்கள் என்பதையும் மறைக்காமல் கீழே பதில் எழுதுங்கள்.