கடவுளுக்குப் போட்டியாக ஒரு காது

அலுவலகத்தில் அவளுக்குத் தங்கக் காது என்று பெயர். துணி துவைக்கும் இயந்திரம் விற்கிற கம்பெனி அது. இயந்திரம் ஓடாதவர்கள், ஓடி நிற்காதவர்கள், தண்ணீரை வீடு முழுக்கக் கக்கவிட்டவர்கள் எல்லோரும் போனில் கூப்பிட்டுத் திட்டுவதற்கென்றே முப்பது நாற்காலி போட்டிருந்தார்கள். ஏழாவது நாற்காலி அவளுடையது. திட்ட ஆரம்பித்தவர்கள் மூட்டுவலி, மருமகள், தூக்கம் வராத கதை வரைக்கும் சொல்லிவிட்டு, "நீ நல்லா இருக்கணும்மா" என்று வாழ்த்திவிட்டுத்தான் வைப்பார்கள்.

பெரிய வித்தை ஒன்றுமில்லை. அங்கே மூன்றே விதிகள். குறுக்கே பேசக்கூடாது. வாக்குக் கொடுக்கக்கூடாது. பேசுகிறவர் மூச்சு வாங்க நிறுத்தினால், மூன்று விநாடிக்குள் "கேட்டுட்டிருக்கேங்க, சொல்லுங்க" என்று சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் இணைப்பு அறுந்துவிட்டது என்று நினைத்து இரண்டு மடங்கு கோபத்தோடு மறுபடி கூப்பிடுவார்கள். ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லிச் சொல்லி அது அவள் நாக்கிலேயே குடியேறிவிட்டது. ஒருமுறை பல் வைத்தியர் கருவியை மாற்ற நிறுத்தியபோது, பஞ்சு அடைத்த வாயோடு அவரிடமும் சொல்லியிருக்கிறாள்.

ஊரே அவளிடம் மனம்விட்டுப் பேசியது. பேசாத ஒரே ஆள் வீட்டில் இருந்தான், அவள் கணவன்.

அவன் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வெட்டும் பிரிவுக்கு மேற்பார்வையாளன், பதினெட்டு வருஷமாக. அங்கே ஆள்குறைப்பு வரப்போகிறது என்று அவளுக்குச் சொன்னது கணவன் இல்லை, தெருமுனைத் தையற்காரர். அவன் ஒரே ஒருமுறை, இரண்டு மாதம் முன்பு, சாப்பிடும்போது ஆரம்பித்தான்.

"ரெண்டு மெஷினை நிறுத்திட்டாங்க. எனக்கு என்னமோ..."

"நீங்க நேரா பெரிய மேனேஜரைப் போய்ப் பாருங்க. நான் அண்ணன்கிட்டப் பேசுறேன், அவங்க குடோன்ல ஆள் கேட்டாங்க. அந்த கம்ப்யூட்டர் வகுப்புல அப்பவே சேருங்கன்னு சொன்னேனே, கேட்டீங்களா?"

அவன் தட்டைப் பார்த்தான். "ஒண்ணுமில்ல, விடு" என்றான்.

அன்றிலிருந்து எதைக் கேட்டாலும் ஒண்ணுமில்லதான். கிணற்றில் போட்ட கல். ஆனால் காலையில் ஐந்தரைக்கு எழுந்து, சமையலறைக்குப் பக்கத்தில் இஸ்திரி மேஜை கிடக்கிற சிற்றறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள ஆரம்பித்தான். உள்ளே முணுமுணுப்புக் கேட்டது, அரைமணி நேரம், நிறுத்தாமல்.

முதல் நாள் அவள் அடுப்பை அணைத்துவிட்டுக் காதைத் தீட்டினாள். யாரோடு பேசுகிறான்? போய்ப் பார்த்தால் அவன் போன் கூடத்தில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. கதவு இடுக்கில் கண்ணை வைத்தாள். மடித்த போர்வைமேல் உட்கார்ந்து, கண்ணை மூடி, கைகளைக் கோத்துக்கொண்டு, கல்லுளிமங்கன் கடவுளிடம் பேசிக்கொண்டிருந்தான்.

நல்ல மனைவி என்றால் நிம்மதி அடைந்திருப்பாள். இவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பக்கத்து நாற்காலிக்காரியிடம் சாப்பாட்டு இடைவேளையில் கொட்டித் தீர்த்தாள். "பொண்ணா இருந்தா போய் நாலு வார்த்தை கேட்டுட்டு வரலாம். இது யாருகிட்டப் போய்க் கேக்குறது?"

"கஷ்டம் வந்தா சாமி கும்பிடுறது தப்பாடி?"

"கும்பிடட்டும். எங்கிட்டச் சொல்லிட்டுக் கும்பிடட்டும். பன்னெண்டு வருஷம் கூட இருக்கேன். அப்படி என்ன அவருகிட்ட இருக்கு, எங்கிட்ட இல்லாதது?"

பக்கத்து நாற்காலிக்காரி சிரித்துவிட்டாள். இவள் சிரிக்கவில்லை. நிஜமாகவே பொறாமைப்பட்டாள், வெட்கமில்லாமல், கடவுள்மேல். காலையில் அவன் அந்த அறையிலிருந்து வெளியே வரும்போது முகம் கழுவி விட்டாற்போல் இருக்கும். அந்தத் தெளிவை அவனுக்குக் கொடுத்தது தான் இல்லையே என்று வயிறு எரியும். டீயைக் கொஞ்சம் சத்தமாகவே வைப்பாள்.

போட்டியாகத் தானும் ஒருநாள் கண்ணை மூடி உட்கார்ந்து பார்த்தாள். "அவர் உங்ககிட்ட என்னதான் சொல்றார்?" என்று நேராகவே கேட்டாள். பதிலில்லை. பத்து நிமிஷம் பொறுத்தாள். எங்கள் அலுவலகம் இந்த லட்சணத்தில் நடந்தால் ஒரே வாரத்தில் பூட்டிவிடுவார்கள் என்று கடவுளிடமே சொல்லிவிட்டு எழுந்தாள்.

பிறகு ஒட்டுக்கேட்க ஆரம்பித்தாள். தங்கக் காதை இதற்குப் பயன்படுத்தாமல் வேறு எதற்குப் பயன்படுத்துவது? ஆனால் கதவு தடிமன், அவன் குரலோ மெல்லியது. பத்து நாளில் பிடிபட்டவை 'மெஷின்', 'என்னால', 'அவ' என்ற மூன்று சொற்கள்தான். அந்த 'அவ' யாரென்று அவளுக்குத் தெரியும். என்னைப் பற்றி என்னிடம் சொல்லாததை மூன்றாவது ஆளிடம் சொல்கிறான் என்று அன்று முழுக்க அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவன் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

பதினோராவது நாள் அவன் எழுந்ததே சரியில்லை. டீயைத் தொடவில்லை. தானே சட்டையை இஸ்திரி போட்டான், ஒரு கையில் மடிப்பு இரண்டாக விழுந்தது. பிறகு கதவைச் சாத்தினான். அது சரியாகச் சாத்தவில்லை என்பதை அவன் பார்க்கவில்லை. அவள் பார்த்தாள். அலுவலக வேன் வர இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. கைப்பையோடு போய்க் கதவோரம் நின்றாள்.

"இன்னைக்குக் கையெழுத்துப் போடணும்" என்று உள்ளே சொன்னான். "வேலை வேணும்னா பாதிச் சம்பளத்துக்குப் பொட்டி அடுக்குற பக்கம் போகணும். நான் வேலை கத்துக்குடுத்தவனுக்குக் கீழ நிக்கணும். இல்லன்னா இன்னைக்கோட கிளம்பணும். எது பண்றதுன்னு தெரியல."

அவள் கைப்பையைத் தரையில் வைத்தாள். இன்றைக்கா? இவ்வளவு நடந்திருக்கிறதா?

"அவகிட்டச் சொல்லணும்னு தினமும் நெனைக்கிறேன். பாதி சொல்றதுக்குள்ள வழி சொல்லிடுவா. அவ சொல்றதெல்லாம் சரியாத்தான் இருக்கும். எனக்கு இப்ப வழி வேணாம். முழுசாச் சொல்லி முடிக்கணும், அவ்வளவுதான். நீ ஒருத்தன்தான் குறுக்கே பேசாம இருக்க."

இதையே வேறு யாராவது போனில் சொல்லியிருந்தால் தங்கக் காது எப்போதோ புரிந்துகொண்டிருக்கும். நூறு பேருக்குக் கொடுத்த காதைக் கழற்றி அலுவலகத்திலேயே வைத்துவிட்டு, வெறும் வாயை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறோம் என்று அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

உள்ளே அவன் மூச்சு வாங்க நிறுத்தினான். ஒரு விநாடி. இரண்டு.

"கேட்டுட்டிருக்கேங்க, சொல்லுங்க" என்றாள்.

சொன்ன பிறகுதான் சொன்னதே தெரிந்தது. அதுவும் அலுவலகக் குரலில், பாகு சொட்டச் சொட்ட. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

உள்ளே அவன் கதவைத் திரும்பிப் பார்த்தான்.

"நீயா?" என்றான்.

"நான்தான்."

"எத்தனை நாளா?"

"பத்து நாளா. ஒண்ணும் சரியாக் கேக்கல."

திட்டப்போகிறான் என்று காத்திருந்தாள். போர்வை தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. அவன் எழுந்து வரவில்லை, கதவுப் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தான். அவளும் வெளியே தரையில் உட்கார்ந்தாள். நடுவில் அந்தக் கதவு இருந்தது.

அவன் முதலிலிருந்து ஆரம்பித்தான், இரண்டு மெஷினை நிறுத்திய நாளிலிருந்து. அண்ணனின் குடோன் அவள் நாக்கு நுனிவரை வந்தது. கடித்துக்கொண்டாள். பெரிய மேனேஜர் வந்தார், விழுங்கினாள். கம்ப்யூட்டர் வகுப்பு இரண்டு தடவை வந்தது. அவன் நிறுத்திய இடங்களில் மட்டும், "கேட்டுட்டிருக்கேன்" என்றாள், சொந்தக் குரலில். தெருவில் வேன் வந்து ஹாரன் அடித்தது. மறுபடி அடித்தது. அப்புறம் போய்விட்டது.

"அவ்வளவுதான்" என்றான் கடைசியில். பிறகு, "எனக்கு ரொம்ப பயமா இருக்கு" என்றான்.

அவள் கதவு இடுக்கில் கையை நீட்டினாள். அவன் பிடித்துக்கொண்டான். அவன் கையில் அட்டை கீறிய பழைய தழும்புகள் இருந்தன.

கேட்கக்கூடாதுதான். விதிப்படி தப்புதான். ஆனால் பத்து நாள் எரிந்த வயிறு சும்மா இருக்குமா?

"இதை அவருகிட்டச் சொன்னீங்களா?"

"எதை?"

"பயமா இருக்குன்னு."

"இல்ல" என்றான். "அவருகிட்டத் தைரியம் குடுன்னு கேட்டேன். பயமா இருக்குன்னு இப்பத்தான் சொல்றேன். உங்கிட்டத்தான்."

அவன் சம்பளத்தில் பாதி போகப்போகிறது, சாயங்காலத்துக்குள் முழுசாகவும் போகலாம். அது தெரிந்தே, இஸ்திரி அறைக்கு வெளியே வெறுந்தரையில் உட்கார்ந்து, அவன் கையை விடாமல், தங்கக் காது வெட்கங்கெட்டுச் சந்தோஷப்பட்டாள்.