வயதுக் கட்டத்தில் எழுத வேண்டியது

1
இந்தக் கதை வாய்வில் பிறந்தது. நெஞ்சு நோகிறதென்று பயந்து நுரைச்சோலைப் பக்கத்து ஆஸ்பத்திரியொன்றுக்கு ஓடினேன். எனக்கு ஒன்றுமில்லை. பக்கத்துக் கட்டில்காரருக்கு ஏதோ இருந்தது. மறைப்புத் துணிக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு ஒட்டுக்கேட்டேன். வெட்கம்தான், என்ன செய்ய! அவருடைய வயதைக் கேட்கும் நேரம் பார்த்து என்னை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். மிச்சம் என் சொந்தச் சரக்கு.

2
"அன்று கடல் கொந்தளித்துக்கொண்—"

வேண்டாம். எவருக்காவது நெஞ்சு நொந்தால் உடனே கடலைக் கொந்தளிக்க வைப்பது எழுதுகிறவர்களின் வியாதி. கடல் சும்மா கிடந்தது.

"ஜப்பார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்—"

அதுவும் பொய். பக்கத்துக் கட்டில் மனிதர் நடந்தே வந்தார். ஒரு ஏப்பம் விட்டால் சரி என்றார். அவரை இழுத்து வந்தவள் மனைவி றஹ்மா.

3
டொக்டர் சந்திரவதனாவிடம் ஐந்து கட்டங்கள் கொண்ட தாள் இருந்தது. நோவு வந்த விதம், ஈசிஜி, வயது, பழைய நோய் வருத்தங்கள், இரத்தச் சோதனை. ஒவ்வொன்றுக்கும் பூச்சியம் முதல் இரண்டு வரை புள்ளி. கூட்டினால் மூன்று வரை என்றால் வீட்டுக்கு அனுப்பலாம். நான்கென்றால் விடக்கூடாது, புத்தளம் பெரியாஸ்பத்திரிக்கு ஏற்ற வேண்டும். வயதை விட்டுப் பார்த்தால் ஜப்பாருக்கு இரண்டு. அறுபது வயதுக்கு ஒரு புள்ளி, அறுபத்தைந்துக்கு இரண்டு.

(இனி வருகிற அளவுக்குப் பொறுமையான டொக்டரை நிஜத்தில் நான் கண்டதில்லை. ஆனாலும் அவரை மாற்ற மனம் வரவில்லை.)

4
தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு உடுத்த துணியோடு வந்தவர்களை அகதி முகாமில் பதிந்தார்கள். பத்திரம் எவரிடமும் இல்லை. பள்ளிவாசல் தலைவர் வரிசையில் நின்ற ஆண்களின் முகத்தைப் பார்த்தே வயது சொன்னார், எழுதுநர் எழுதினார். ஜப்பார் அன்றுதான் தாடி மழித்திருந்தார், ஐந்து வயது குறைந்தது. அந்த வயதுதான் அடையாள அட்டையில் ஏறியது. அந்த அட்டையைக் காட்டித்தான் இப்போது காவல் வேலை. அறுபத்திரண்டு தாண்டினால் கம்பனி வீட்டுக்கு அனுப்பிவிடும். இதெல்லாம் றஹ்மாவுக்குத் தெரியும்.

5
"வயசு என்ன, ஐயா?"

"அறுவது. கார்ட்ல பாருங்க."

றஹ்மா கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டாள். "அறுவத்தஞ்சு, டொக்டர். கார்ட்டு பொய்."

"வாய மூடு புள்ள! கம்பனிக்குக் குடுக்கிற மெடிக்கல் சர்ட்டிபிகேட்லயும் அந்த வயசுதான் விழும்."

"விழட்டும். வேல போனா நான் இடியப்பம் அவிச்சு விப்பன். நீங்க போனா நான் ஆரோட சண்ட புடிக்கிற?"

"இவக்குப் பைத்தியம், டொக்டர். என்ட வயசு அரசாங்கத்துக்குத் தெரியாதா? எனக்கு இப்ப ஒரு நோவுமில்ல. நான் போறன்."

"ஐயா, கம்பனிக்காகக் கேக்கேல்ல. உங்கட நெஞ்சுக்காகக் கேக்கிறன்," என்றார் டொக்டர்.

6
முடிவு அ: டொக்டர் றஹ்மாவை நம்புகிறார். அம்புலன்ஸ் புத்தளம் போகிறது, வேலையும் போகிறது.

முடிவு ஆ: அட்டையை நம்புகிறார். இருவரும் முச்சக்கர வண்டியில் வீட்டுக்குப்—

எழுத மாட்டேன். என்னால் முடியவில்லை.

டொக்டர் பேனையைத் திறக்கிறார். றஹ்மா டொக்டரின் முகத்தையே பார்க்கிறாள். அந்த நேரம் பார்த்து ஜப்பாரின் இடது கை நோகத் தொடங்குகிறது. சத்தமில்லாமல் அதைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்கிறார். றஹ்மா காணவில்லை. டொக்டரும் காணவில்லை. கண்டது நானும் நீங்களும் மட்டும். என்னைத்தான் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களே. நீங்கள் இன்னும் அங்கேதான் நிற்கிறீர்கள், வாயைத் திறந்து சொல்லுங்களேன்!