பாம்பு கடித்துச் செத்தவன்

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைச் செய்யலாம் என்பார்கள். தனக்கொடியின் அம்மா வீட்டார் கெட்டிக்காரர்கள், ஒரே பொய்யில் இரண்டு கல்யாணத்தை முடிக்கப் பார்த்தார்கள்.

தனக்கொடியின் தம்பி சுப்புராயன் பதினோரு வயதில் செத்தான். கீழே விழுந்து உதடு கிழிந்தது, அவ்வளவுதான். ரத்தம் நிற்கவே இல்லை. காட்டேரி குடித்துவிட்டது என்று வீட்டுக்குள் முணுமுணுத்தார்கள். காட்டேரி பிடித்த வீட்டில் எவன் பெண் எடுப்பான்? அதனால் ஏம்பலத்திலிருந்து செல்லப்பன் பெண் பார்க்க வந்தபோது, பையனைக் கரும்புத் தோட்டத்தில் பாம்பு கடித்துவிட்டது என்றார்கள். பாம்பு கடித்ததற்கு வம்சத்தைக் குறை சொல்ல முடியுமா? செல்லப்பன் தாலி கட்டினான்.

அவளுக்குப் பிறந்த குழந்தைவேல் தவழும்போதே முட்டி கன்றிப்போனது. எங்கே இடித்தாலும் நீலம் பாய்ந்து வீங்கும். தனக்கொடிக்குப் புரிந்துவிட்டது. புருஷனிடம்கூட வாய் திறக்கவில்லை. ஆறு வயதுப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடவுக்குப் போனாள். ஊர் சிரித்தது. சிரிக்கட்டும் என்று இருந்தாள்.

எட்டு வயதில் அவனுக்குக் கடைவாய்ப் பல் சொத்தையாகி முகம் வீங்கியது. செல்லப்பன் இருவரையும் ஆசுபத்திரியில் விட்டுவிட்டுக் கரும்பு வெட்டப் போனான்.

புதிதாக வந்திருந்த சின்ன வயது டாக்டர் பையனின் முட்டியைப் பார்த்தார், முழங்கையைப் பார்த்தார். பல்லைப் பிடுங்க எடுத்த குறட்டைக் கீழே வைத்தார்.

"ரத்தம் உறையாத நோய்னு ஒண்ணு இருக்கும்மா. பொம்பளைங்க வழியா ஆம்பளப் பிள்ளைங்களுக்கு வரும். உன் கூடப்பொறந்தவங்க யாராவது ரத்தம் நிக்காம செத்திருக்காங்களா? இருந்தா சொல்லு. நான் பல்லுல கை வைக்க மாட்டேன், மெட்ராசுக்கு எழுதித் தர்றேன். அங்கதான் இதுக்கு வழி இருக்கு."

இதைவிடத் தெளிவாக எந்த டாக்டர் கேட்பார்? ஆனால் அவருக்குப் பின்னால் இருசாயி நின்றிருந்தாள். வார்டில் பாலும் ரொட்டியும் கொடுக்கிறவள். அவள் மகன் பலராமனுக்கும் தனக்கொடியின் தங்கை அஞ்சலாட்சிக்கும் அடுத்த மாதம் கல்யாணம். கவர்மெண்டு வேலை மாப்பிள்ளை. இருசாயி பால் தூக்கைப் பிடித்தபடி காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

தனக்கொடி மகனைப் பார்த்தாள். ஒரு பல்தானே, தப்பித்துக்கொள்வான் என்று தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டாள்.

"இல்லீங்க. ஒரே தம்பி. பாம்பு கடிச்சி செத்துட்டான்."

"நல்லா யோசிச்சிச் சொல்லு."

"பாம்புதாங்க."

டாக்டர் குறட்டை எடுத்தார்.

அன்று சாயங்காலமும் பையன் துப்பிக்கொண்டே இருந்தான். மறுநாளும் துப்பினான். "அம்மா, வாயெல்லாம் உப்பு கரிக்குது" என்றான். ரத்தம் ஏற்ற வேண்டும், சொந்தக்காரர்கள் வாருங்கள் என்றார் டாக்டர். ரத்தம் கொடுத்தால் வீரியம் போய்விடும் என்று பங்காளிகள் ஆளுக்கொரு பக்கம் நழுவினார்கள். பலராமன்தான் சைக்கிளில் வந்து கையை நீட்டினான்.

"இன்னாத்துக்கு யோசன? நம்ம வூட்டுப் புள்ளதானே!"

தனக்கொடி அவன் நீட்டிய கையைப் பார்த்தாள். இவனிடம் உண்மையைச் சொல்லியிருந்தாலும் தங்கையைக் கட்டியிருப்பான் போலிருக்கிறதே! டாக்டர் மறுபடி கேட்டார். இப்போது சொன்னால் தெரிந்தே கொன்றவள் ஆகிவிடுவாள். பாம்புதான் என்றாள். பலராமன் கொடுத்தது கை வழியாக ஏறி வாய் வழியாக வந்துவிட்டது. குழந்தைவேல் செத்தான்.

குறித்த முகூர்த்தத்திலேயே கல்யாணம் நடந்தது. "பையன் போனது அவன் விதி. பொண்ணு வூட்டு வம்சம் சுத்தம், டாக்டரே கேட்டாரு, என் காதால கேட்டேன்" என்று இருசாயி பந்தலில் சொல்லிக்கொண்டு திரிந்தாள். தனக்கொடி பந்தலின் மூலையில் உட்கார்ந்து அதைக் கேட்டாள்.

அஞ்சலாட்சிக்கும் ஆண் பிள்ளை பிறந்தது. பலராமனைக் காரைக்காலுக்கு மாற்றிவிட்டார்கள்; அஞ்சலாட்சி பிள்ளையோடு மாமியார் வீட்டிலேயே இருந்தாள். பிள்ளை நடக்கப் பழகி விழுந்ததில் தொடை வீங்கிக் கல்லாகிவிட்டது. சேதி கேட்டு வரப்பில் விழுந்தடித்து ஆசுபத்திரிக்கு ஓடினாள் தனக்கொடி. அந்தச் சின்ன வயது டாக்டர் மாற்றலாகிப் போயிருந்தார். வேறொரு டாக்டர் கத்தியோடு நின்றார். கட்டி பழுத்திருக்கிறது, கீறிச் சீழ் எடுக்க வேண்டுமாம்.

"கீறாதீங்க! எங்க தம்பிய பாம்பு கடிக்கலீங்க. ரத்தம் நிக்காமதான் செத்தான். எம்புள்ளையும் அப்படித்தான் செத்தான். நான்தான் மறைச்சேன்!"

கத்தி நின்றது. டாக்டர் அஞ்சலாட்சியைப் பார்த்தார்.

"இவங்க சொல்றது நிஜமா?"

இருசாயியும் மருமகளைத்தான் பார்த்தாள். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

அஞ்சலாட்சிக்குத் தெரியாதா? அண்ணன் சுப்புராயன் ரத்தம் துப்பிய சட்டியை அள்ளிக் கொட்டியவளே அவள்தான். தலையைக் குனிந்துகொண்டாள்.

"புள்ள செத்ததுலேருந்து அக்காவுக்குப் புத்தி சரியில்லீங்க. எங்கண்ணன பாம்புதான் கடிச்சிது."

"வேணாண்டி அஞ்சலா! நானும் இப்படித்தாண்டி சொன்னேன்!"

"எம்மருமவ வாயிலயே கேட்டுட்டீங்கள்ல சார்" என்றாள் இருசாயி. "இவளுக்குப் பொறாம. தன் புள்ள போச்சின்னு இது பொழைக்கக் கூடாதுன்னு பாக்கறா." வாட்ச்மேனை அவளே கூப்பிட்டாள். அவன் தனக்கொடியை முடியோடு சேர்த்துப் பிடித்து வெளியே இழுத்துத் தள்ளிக் கதவைச் சாத்தினான்.

கதவில் மோதினாள். யாரும் திறக்கவில்லை. உள்ளே பிள்ளை வீறிட்டது.

"பஞ்சு கொடும்மா" என்றார் டாக்டர்.

சற்றுப் பொறுத்து, "இன்னும் கொஞ்சம் பஞ்சு" என்றார்.

தனக்கொடி மோதுவதை நிறுத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். உள்ளே டாக்டர் மறுபடியும் பஞ்சு கேட்டார்.