முடிச்சில்லாத மோட்டார்

எண்பத்தொன்றாம் வருஷம் ஆயுத பூஜையன்று திருவண்ணாமலை ரயில்வே ஸ்டேஷன் பார்சல் ஆபீஸில் எடை மெஷினுக்கு மாலை போட்டார்கள். போட்டவன் ராஜேந்திரன். சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டிவிட்டு நிமிர்ந்தவன் கண்ணை மூடிக்கொண்டான். பக்தியால் இல்லை, அவமானத்தால். ஆறு வருஷத்துக்கு முன்னால் விழுப்புரம் ஷெட்டில் அவன் மாலை போட்டது நீராவி இஞ்சினுக்கு. வாழைக் கன்று கட்டி, பாய்லருக்கு விபூதிப் பட்டை போட்டு, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து இஞ்சினை நகர்த்தினால் ஷெட்டே கைதட்டும். இங்கே எடை மெஷினுக்கு அடியில் எதை வைத்து நசுக்குவது?

அன்றைக்கே முடிவு பண்ணினான். அடுத்த ஆயுத பூஜைக்கு இஞ்சினுக்குத்தான் பொட்டு. ரயில்வே கொடுக்காவிட்டால் போகட்டும், நானே செய்துகொள்கிறேன், என் வீட்டில் ஓட்டுகிறேன் என்று எடை மெஷின் முன்னாலேயே மனசுக்குள் சொல்லிக்கொண்டான்.

எடுத்த காரியத்தைப் பாதியில் விடுகிற ஆள் இல்லை அவன். அந்தப் பிடிவாதத்தில் கால்வாசியை உண்மை பேசுவதில் காட்டியிருந்தால் எனக்கு இந்தக் கதையைச் சொல்லும் வேலையே இருந்திருக்காது.

உண்மை இதுதான். ராஜேந்திரன் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்று. இரண்டுமே காய்ந்த சருகின் நிறம். வேலைக்குச் சேரும்போது டாக்டர் ஒரு புத்தகத்தைப் புரட்டி, புள்ளிகளுக்கு நடுவே என்ன எண் தெரிகிறது என்று கேட்டார். வரிசையில் முன்னால் நின்ற நாலு பேர் சொன்னதைக் காதில் வாங்கி அப்படியே ஒப்பித்துவிட்டு ஃபயர்மேன் ஆகிவிட்டான். பகலில் பிரச்சினை இல்லை. கைகாட்டி இறங்கியிருக்கிறதா என்று பார்த்தால் போதும். ராத்திரியில்தான் விளக்கு. ஆனால் இஞ்சினில் ஒரு வழக்கம் உண்டு. சிக்னலைப் பார்த்ததும் டிரைவர் சத்தமாகச் சொல்ல வேண்டும், ஃபயர்மேன் தானும் பார்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். டிரைவர் சின்னசாமி "பச்சை" என்பார். இவனும் "பச்சை" என்பான். எட்டு வருஷம் இப்படியே வண்டி ஓடியது. டிரைவர் பதவிக்கான பரிசோதனையில் வேறொரு டாக்டர் வந்தார், பக்கங்களை முன்னும் பின்னுமாகப் புரட்டினார். அத்தோடு சரி. இஞ்சினிலிருந்து இறக்கி பார்சல் ஆபீஸுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஊரில் சொன்னது வேறு. "பொண்டாட்டியைத் தனியா விட்டுட்டு ராப்பகலா இஞ்சின்ல சுத்த முடியுமா? நானே கேட்டு வாங்கினு வந்துட்டேன்" என்றான். பொண்டாட்டி சரசுவிடமும் அதையேதான் சொன்னான். அதோடு விட்டானா என்றால் இல்லை. குழம்பில் உப்பு ஜாஸ்தியானாலும், அவள் சினிமாவுக்குக் கூப்பிட்டாலும், "உனக்காக இஞ்சினையே விட்டுட்டு வந்தவன்" என்று ஆரம்பித்துவிடுவான். சரசு வீட்டில் உட்கார்ந்து கோயில் வாசல் கடைகளுக்குப் பூ கட்டிக் கொடுப்பவள். அவன் அப்படிப் பேசும்போதெல்லாம் தலையைக் குனிந்து பூவைக் கட்டிக்கொண்டே இருப்பாள்.

இஞ்சின் வேலை தை மாசம் ஆரம்பித்தது. மூன்று கட்டை போடும் பழைய டார்ச் லைட் ஒன்று கிடைத்தது. அதுதான் பாய்லர். பேட்டரி கட்டைகள் உள்ளேயே போய்விட்டன, முன்னாலிருந்த பல்பு இஞ்சினின் நெற்றி விளக்காயிற்று, டார்ச்சின் பொத்தான்தான் வண்டியைக் கிளப்பும் ரெகுலேட்டர். இதை நினைத்து நினைத்து ஒரு வாரம் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தான். தையல் மெஷின் பாபினில் ஒரு பக்க விளிம்பை அரத்தால் ராவி எடுத்தால் அசல் ரயில் சக்கரம். அப்படி ஆறு சக்கரம். சைக்கிள் ஸ்போக்ஸை வளைத்து சக்கரங்களைக் கோக்கும் கம்பிகள். ஓடாத டைம்பீஸைப் பிரித்துப் பல்சக்கரங்கள். தண்டவாளத்துக்குத்தான் யோசித்தான். கடைசியில் அது பார்சல் ஆபீஸிலேயே காலடியில் கிடந்தது. துணி பேல் கட்டுகளைச் சுற்றி வரும் இரும்புப் பட்டையைக் குத்துக்கு நிறுத்தி, மரத்துண்டுகளில் கீறல் போட்டுச் செருகினான். வீட்டின் ஒரே அறையில் வட்டமாகப் பாதை போட்டாயிற்று.

மோட்டாருக்கு நூருல்லா. திருவூடல் தெருவில் ரேடியோ, டேப்ரெக்கார்டர் ரிப்பேர் பார்ப்பவர். செத்துப்போன டேப்ரெக்கார்டர்களிலிருந்து மோட்டாரைக் கழற்றிக் கொடுத்தார். "செவப்பு கம்பி ப்ளஸ், பச்சை மைனஸ். மாத்திக் குடுத்தா உள்ள இருக்கிற சர்க்யூட் புகைஞ்சிடும், அப்புறம் என்கிட்ட சண்டைக்கு வரக்கூடாது" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

முதல் மோட்டார் புகைந்தது. "செவப்பைத்தானே ப்ளஸ்ல குடுத்தேன்! பாய் ஏமாத்திட்டாரு" என்று ராஜேந்திரன் கத்தினான். சரசு எட்டிப் பார்த்தாள், அவன் கையிலிருந்த கம்பியைப் பார்த்தாள், மறுபடி பூப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இரண்டாவது மோட்டாரை ஒரு சாயந்திரம் வாங்கி வந்து அலமாரியில் வைத்தான். மறுநாள் டியூட்டி முடிந்து வந்து எடுத்தபோது, ஒரு கம்பியில் வெள்ளை நூலால் சின்னதாக ஒரு முடிச்சு இருந்தது. நேற்று கவனிக்கவில்லை போலிருக்கிறது. பரவாயில்லை, பாய் விவரமானவர், அடையாளம் வைத்தே கொடுத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டான். முடிச்சுக் கம்பியை ப்ளஸ்ஸில் கொடுத்தான். மோட்டார் ஜம்மென்று சுற்றியது. இதைப் பற்றி பாயிடம் அவன் வாயே திறக்கவில்லை. திறந்தால் முடிச்சு எதற்கு வேண்டியிருக்கிறது என்ற பேச்சும் வருமே.

மூன்றாவதிலும் முடிச்சு, நான்காவதிலும் முடிச்சு. எல்லாம் சுற்றின, ஆனால் எதற்கும் திராணி கம்மி. பேட்டரி கட்டைகளின் கனத்தோடு இஞ்சின் ஒரு முழம் நகர்ந்து முனகிவிட்டு நின்றுவிடும். ராஜேந்திரன் சளைக்கவில்லை. பல்சக்கரத்தை மாற்றினான், அச்சுக்கு எண்ணெய் விட்டான், சக்கரங்களை மறுபடி ராவினான். ஆடி போய், ஆவணி போய், புரட்டாசியும் வந்துவிட்டது.

ஆயுத பூஜைக்கு ஐந்து நாள் இருக்கும்போது நூருல்லா ஆள் விட்டுக் கூப்பிட்டார். ஆசிரமம் பக்கம் வாடகைக்கு இருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குப் போகும்போது உடைந்த டேப்ரெக்கார்டரைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதிலிருந்து எடுத்த மோட்டார் உள்ளங்கை நிறைய இருந்தது. "இது இழுக்கும். ஆனா ஒண்ணே ஒண்ணுதான். இதையும் புகைய விட்டா நீ மாட்டைத்தான் பூட்டணும்" என்றார் நூருல்லா.

ராஜேந்திரன் பறந்துகொண்டு வீட்டுக்கு வந்தான். வந்த நேரம் சரசு வாய் திறந்தாள்.

"என்னங்க, பூஜைக்கு சாமந்தி மட்டும் எட்டு கூடை வருது. அஞ்சு நாளைக்கு இந்தத் தண்டவாளத்தைப் பாதி எடுத்து வைங்க. உக்கார எடமில்ல."

நியாயமான பேச்சு. அவனுக்கு அது நியாயமாகப் படவில்லை. "இந்த வீட்ல எனக்குனு ஒரு மூலை கூட கெடயாதா? உனக்காக இஞ்சினையே விட்டுட்டு வந்தவன்டி நான்!"

சரசு இந்த முறை குனியவில்லை. "எனக்காகவா?" என்று கேட்டாள். அவ்வளவுதான். விடிந்ததும் முதல் பஸ்ஸில் கீழ்பென்னாத்தூர் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

இரண்டு நாளில் திரும்பிவிடுவாள் என்று இருந்தான் ராஜேந்திரன். டியூட்டியிலிருந்து வந்து மோட்டாரை எடுத்தான். முடிச்சு இல்லை. திருப்பிப் பார்த்தான், கம்பிகளை விரலால் நீவிப் பார்த்தான். இல்லை. இரண்டு கம்பியும் ஒரே சருகு நிறத்தில் அவனைப் பார்த்து இளித்தன.

மூன்று நாள் தவித்தான். மோட்டாரை ஸ்டேஷனுக்கு எடுத்துப்போய், ஸ்டேஷன் மாஸ்டர் ரூமில் இருந்த கொடிகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். கம்பிகள் ஒரே நிறம், கொடிகளும் ஒரே நிறம். எதையாவது கொடுத்துப் பார்க்கலாம் என்று ஒரு தடவை கை போயிற்று. பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஒன்பது மாச உழைப்பைப் பூவா தலையா போட்டுப் பார்க்க அவனுக்கு மனசு வரவில்லை. கோபம் முழுக்க பாய் மேல் திரும்பியது. மூணு மோட்டாருக்கு முடிச்சுப் போட்டவருக்கு ஐந்தாவதுக்கு என்ன கேடு?

பூஜைக்கு முந்தின நாள் காலையில், பழைய மோட்டார் ஒன்றையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனான். "ஏன் பாய், இதுக்கு முடிச்சுப் போடல? எப்பவும் போடுவியே!"

"இன்னா முடிச்சு?"

பழைய மோட்டாரை நீட்டினான். நூருல்லா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நூலைப் பார்த்தார், பிறகு அவனைப் பார்த்தார். "நான் டேப்ரெக்கார்டர் ரிப்பேர்காரன் ராஜேந்திரா, பூக்காரன் இல்ல. இது பூ கட்ற முடிச்சு."

ராஜேந்திரன் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். பொண்டாட்டி தினம் ஆயிரம் முறை போடுகிற முடிச்சு. கண் முன்னால் ஆறு வருஷமாகப் போடுகிற முடிச்சு. நிறம் தெரியாத கண் சரி, இதுகூடவா தெரியாமல் போகும்? அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே அவன் பேசிய பேச்சையெல்லாம் வாங்கிக்கொண்டு, அவனுக்குத் தெரியாமல் முடிச்சுப் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். வெட்கத்தில் அவனுக்குக் காது சுட்டது.

நூருல்லாவுக்கும் விஷயம் புரிந்துவிட்டது. நல்ல மனுஷர், ஒன்றும் கேட்காமல் புது மோட்டாரைக் கையில் வாங்கினார். "இதுக்கா இவ்ளோ? இங்க பாரு, இதான் செவ..."

"சொல்லாத பாய்!" ராஜேந்திரன் மோட்டாரை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டான். இங்கே தெரிந்துகொண்டால் கீழ்பென்னாத்தூர் போக வேண்டியதில்லை. இஞ்சின் ஓடிவிடும், பொய்யும் கூடவே ஓடிக்கொண்டிருக்கும். "இதை நான் கேக்க வேண்டிய எடம் வேற" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தான்.

கீழ்பென்னாத்தூரில் சரசு வேப்பமர நிழலில் சாமந்தியைக் குவித்து வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்தும் கை நிற்கவில்லை. பஸ்ஸில் வரும்போது எவ்வளவோ பேச்சு சேர்த்து வைத்திருந்தான். எதிரில் குந்தியதும் எல்லாம் போய்விட்டது. மோட்டாரை நீட்டினான்.

"சரசு, இதுல எது செவப்பு?"

"ஏன், உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது. எப்பவுமே தெரிஞ்சதில்ல." மோட்டாரைத் தரையில் வைத்தான். "நான் உனக்காக வரல சரசு. கண்ணு பரிசோதனைல தோத்துட்டேன். எறக்கி விட்டுட்டாங்க. அவங்க செஞ்சதும் சரிதான். நான்தான் பொய் சொன்னேன்."

கட்டிக்கொண்டிருந்த கை நின்றது. "கல்யாணமான மூணாம் மாசமே எனக்குத் தெரியும்" என்றாள் சரசு. "பச்சைப் பொடவைனு சொல்லி செவப்பை எடுத்துனு வந்து நின்னீங்க."

"அப்புறம் ஏன் கேக்கல?"

"நீங்களா சொல்லுவீங்கனு பாத்தேன். ஆறு வருஷம் பாத்தேன்." அவள் குரல் உடைந்தது. "உங்க கண்ணைப் பத்தி எனக்கு ஒண்ணும் இல்லீங்க. ஆனா உங்க இஞ்சினை நான்தான் புடுங்கிக்கிட்ட மாதிரி தெனம் தெனம் சொன்னீங்களே, அதைத்தான் என்னால தாங்க முடியல."

ராஜேந்திரன் அழுதான். மாமியார் காபியோடு வெளியே வந்தவள் அதே காபியோடு உள்ளே திரும்பிவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அவன், சரசு மடியில் கிடந்த பூ நூலில் ஒரு துண்டைக் கிள்ளி அவளிடமே நீட்டினான், முடிச்சுப் போடச் சொல்லி.

"இனிமே முடிச்சு கெடயாது" என்றாள் அவள். "கேளுங்க, சொல்றேன். இதான் செவப்பு."

அவள் தொட்டுக் காட்டிய கம்பியை விரலிடுக்கில் பிடித்தவன் திருவண்ணாமலை வரைக்கும் விடவில்லை. பஸ் குலுங்கும்போதெல்லாம் இன்னும் இறுக்கிப் பிடித்தான். இன்னொரு கையில் சாமந்திக் கூடை, பக்கத்து சீட்டில் சரசு. வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகத் தண்டவாளத்தில் பாதியைக் கழற்றி, வட்டத்தைச் சின்னதாக்கி, அவள் உட்கார இடம் விட்டான். பிறகுதான் மோட்டாரைப் பூட்டினான்.

மறுநாள் இஞ்சினுக்குச் சந்தனம் வைத்தார்கள், குங்குமம் வைத்தார்கள். சரசு கட்டிய விரற்கடை அகல மாலை நெற்றி விளக்கைச் சுற்றித் தொங்கியது. நூருல்லாவும் வந்து கதவோரம் நின்றார். எலுமிச்சம்பழம் சக்கரத்தை விடப் பெரிதாக இருந்ததால், சரசு கொல்லையிலிருந்து பழுத்த மணத்தக்காளி ஒன்றைப் பறித்து வந்து சக்கரத்துக்கு முன்னால் வைத்தாள்.

ராஜேந்திரன் மண்டியிட்டு டார்ச் பொத்தானில் கட்டை விரலை வைத்தான். வைத்தவன் அழுத்தவில்லை. நிமிர்ந்து சரசுவைப் பார்த்தான்.

அவளுக்குப் புரிந்தது. தாம்பாளத்திலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து உயரத் தூக்கிப் பிடித்தாள்.

"பச்சை" என்றாள்.

"பச்சை" என்று திருப்பிச் சொல்லிவிட்டு, ராஜேந்திரன் வண்டியை எடுத்தான்.