நஸீறாவின் கைக்கு நான் எழுதிய முடிவுகள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு படிவத்தில் கையெழுத்து வைக்காமல் இருப்பதற்காகத்தான் இந்தக் கதையைத் தொடங்கினேன். கொழும்பிலிருந்து வந்த சத்திரசிகிச்சைப் படிவம். அடியில் ‘கணவர்’ என்று ஒரு கோடு. பேனையை எடுத்தேன், கதை எழுதினேன். பன்னிரண்டு நாளாகிறது.

முதல் தொடக்கம்: ‘1985. கல்முனைக் கடலுக்குள் மாலைச் சூரியன் இறங்கிக்கொண்டிருந்த—’

(வெட்டிவிட்டேன். எங்கள் கடலில் சூரியன் உதிக்கத்தான் செய்யும். பதினெட்டு வருடமாக எழுதுகிறேன், வெட்கக்கேடு.)

2

நஸீறா என் மனைவி. சாய்ந்தமருதில் ஆசிரியை. மார்பில் வந்த கட்டியை அகற்றியபோது கக்கத்து நிணநீர்க் கணுக்களையும் எடுத்துவிட்டார்கள். நீர் வடிய வழியில்லாமல் வலது கை வீங்கியது. இப்போது அந்தக் கை கரும்பலகைக்கு எழும்பாது. சட்டைக் கையைப் பிரித்து, வேறு துணி வைத்துத் தைத்துப் போடுகிறாள்.

கொழும்புக்கு வந்திருக்கும் வெளிநாட்டு டாக்டர், நுணுக்குக்காட்டியின் கீழ், நூலிலும் மெல்லிய நிணநீர்க் குழாயைச் சிறு இரத்த நாளமொன்றோடு தைத்துவிடுவாராம். தேங்கிய நீர் இரத்தத்தோடு போய்விடும். புது வைத்தியம், உறுதி சொல்ல மாட்டேன் என்றார். பிந்தினால் கை இறுகிவிடும், பிறகு தைத்தும் பயனில்லை என்றார். மாத முடிவில் அவர் போய்விடுவார்.

(இந்த இடத்தில் வாசகர் கொட்டாவி விடுவார். விடட்டும்.)

3

கணவன் பாத்திரத்தை எனக்குப் பிடிக்கவில்லை. மடையன். வீக்கம் மணிக்கட்டளவில் இருந்தபோது பள்ளிவாசல் லெப்பையிடம் நூல் ஓதி வாங்கி அந்தக் கையில் கட்டினான். கை வீங்க வீங்க நூல் சதைக்குள் புதைந்தது. ஓதின நூலில் கத்தரி வைக்கக் கூடாது, தானாக அறுந்து விழவேண்டும் என்று ஆறு மாதம் பிடிவாதமாக நின்றான்.

டாக்டர் அதை வெட்டி எறிந்தார். இந்தக் கையை இறுக்கி எதையும் கட்டவே கூடாது, யார் கட்டியது என்று கோபத்தோடு கேட்டார். தானே கட்டியதாக நஸீறா சொன்னாள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.*

* ‘அவன் பக்கத்தில்தான் நின்றான்’ என்று திருத்தப் பார்த்தேன். முடியவில்லை.

4

முடிவு அ: கை மெலிகிறது, நஸீறா கரும்பலகையில் எழுதுகிறாள். (பொய்.)

முடிவு ஆ: சத்திரசிகிச்சை பிழையாகிப்போகிறது, கையெழுத்திட்டவன்—

முடிவு இ: அவள் போகவே இல்லை, ஆனாலும்—

இதையெல்லாம் அவள் வாசித்துவிட்டாள். எனக்குப் பயமாக இருக்கிறது என்றேன். இன்னொரு தடவை நான் செய்யும் காரியத்தால் அந்தக் கை போய்விட்டால்?

“நீங்க பயந்து பயந்து எழுதுங்க,” என்றாள். “கை என்ட கை. நீங்க கதைய முடிக்கிற வரைக்கும் அது வீங்காம நிக்குமா?”

கோபித்துக்கொண்டு வெளியேறவும் வழியில்லை. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவது. வீடு அவளுடையது, இந்த மேசையும்தான்.

5

இன்று காலை அவளுடைய உடன்பிறந்த காக்கா றவூப் வந்தார். அவரும் நஸீறாவும் கொழும்பு பஸ் ஏறினார்கள். நான் பஸ் வரைக்கும் பை தூக்கிக்கொண்டு போனேன். பஸ் வாசலில் றவூப் கையில் படிவத்தைக் கண்டேன். ‘கணவர்’ என்பதை ஒரே கீறாகக் கீறிவிட்டு, ‘சகோதரன்’ என்று எழுதிக் கையெழுத்து வைத்திருந்தார். அதற்கு மேல் ஒரு அடித்தல் திருத்தல் இல்லை.

“நீங்க இருந்து எழுதுங்க,” என்றாள் நஸீறா. அதில் கோபமே இல்லை. அதுதான் என்னைக் கொல்கிறது.

மத்தியானம் இன்னொரு பஸ் இருக்கிறது. என்னை அதில் ஏற்றிவிட விரும்புகிறவர்கள் தாங்களே எழுதிக்கொள்ளலாம். இப்போது பதினொன்றரை மணி. நான் இந்தப் பந்தியைத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.